புதுக் கேமரா வாங்கும் முன் பழைய ஃபுட்டேஜைப் பாருங்கள்

சின்ன அறையில் ஒரு நிகழ்ச்சி. முதுகு சுவரில் இடிக்கும் வரை பின்னால் போய், 24 எம்எம் லென்ஸில் எல்லோரையும் அடக்கி ஸ்டில்ஸ் எடுத்தேன். அப்படியே ஸ்லோமோஷனுக்காக 4கே வீடியோவில் வினாடிக்கு 60 ஃப்ரேமுக்கு மாற்றினால், ஓரத்தில் நின்ற நாலு பேரைக் காணோம். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத கேமரா. 60 ஃப்ரேமில் அது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும்தான் பயன்படுத்துமாம். ஒன்றரை மடங்கு கிராப் ஆகி 24 எம்எம், 36 எம்எம் போல ஆகிவிடும். விவரக் குறிப்பில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் படித்தது பெரிய எழுத்தை மட்டும்.

அதிலிருந்து, எந்தக் கேமரா வாங்கலாம் என்று யார் கேட்டாலும், கடைசியாகச் செய்த மூன்று வேலைகளின் ஃபைல்களை எடுத்து வரச் சொல்கிறேன். ஒரு நண்பர் அப்படிக் கொண்டுவந்தார். படம் தெளிவு, ஃபோகஸ் சரி, ஆனால் பேசுவது ஒன்றும் புரியவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது மைக்.

ஒரே கேமராவில் ஸ்டில்ஸ், வீடியோ இரண்டும் எடுப்பவர்களை உண்மையில் பாடாய்ப்படுத்துவது வெளிச்சம்தான். நண்பகல் வெயில், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, லென்ஸின் திறப்பு எஃப் 2.8 என்று வையுங்கள். ஸ்டில்ஸுக்கு ஷட்டரை 1/3200 வினாடி பக்கம் கொண்டுபோனால் வேலை முடிந்தது. வீடியோவுக்கு அது ஆகாது. 25 ஃப்ரேமில் எடுக்கும்போது 1/50 வைத்தால்தான் அசைவு இயல்பாகத் தெரியும். அப்போது உள்ளே வரும் வெளிச்சம் 64 மடங்கு. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்; ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) இல்லாமல் சமாளிக்க முடியாது. லாக் ப்ரொஃபைலில் (பிறகு வண்ணம் திருத்த வசதியாக வெளிறலாகப் பதியும் முறை) எடுப்பவர்களுக்கு இன்னும் மோசம்: ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காத கேமராவாக இருந்தால் மேலும் மூன்று ஸ்டாப் வேண்டும். அப்புறம் அடுத்த நிமிடமே ஸ்டில்ஸ் கேட்பார்கள், ஃபில்டரைத் திருகிக் கழற்ற வேண்டும். நான் காந்தத்தில் ஒட்டும் ஃபில்டருக்கு மாறியது இந்த அவசரத்தால்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், ஸ்டில்ஸ் செட்டிங்கையும் வீடியோ செட்டிங்கையும் கேமரா தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்கிறதா, ஒரே சுவிட்சில் மாற முடிகிறதா என்பது. விளம்பரத்தில் இது பெரிதாக வராது. ஆனால் 1/50-லேயே மறந்துபோய் ஒரு வரிசை ஸ்டில்ஸ் எடுத்து, எல்லாம் கலங்கி வந்ததைப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும்.

மெகாபிக்சலைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 4கே ஃப்ரேம் ஒன்று 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம் பிக்சல். 24 மெகாபிக்சல் சென்சாரே தாராளம். அதைவிட, சென்சார் எவ்வளவு வேகமாகப் படிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான சென்சார்கள் படத்தை வரிவரியாகப் படிப்பதால், மெதுவான சென்சாரில் கேமராவைச் சட்டென்று திருப்பினால் தூண்கள் சாயும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் சில எல்இடி விளக்குகளின் கீழ் முகத்தில் பட்டை விழும். 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III-இல் எல்லாப் பிக்சலும் ஒரே நேரத்தில் பதிவாகும் குளோபல் ஷட்டர் இருக்கிறது, தூண் சாயாது. விலையைப் பார்த்தால் சாய்ந்தால் சாயட்டும் என்று தோன்றும், அது வேறு.

லாக்கில் எடுப்பதென்றால் 10 பிட் இருக்கட்டும். 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. கலர் கிரேடிங்கில் (எடிட்டில் வண்ணம் திருத்தும்போது) இழுக்கும்போது வானம் திட்டுத்திட்டாகப் பிரிவது பெரும்பாலும் 8 பிட்டில்தான். ஆனால் 10 பிட் ஃபைலைத் திறந்தால் பல பழைய கணினிகள் திணறும். வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்துத்தான் கேமராவின் விலை.

முடிந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் லென்ஸையே மாட்டி, நீங்கள் வேலை செய்யும் அதே வெக்கையில், ஒரு மணி நேரம் 4கே நிறுத்தாமல் ஓடவிடுங்கள். சூடாகி நிற்கிறதா, பேட்டரி எத்தனை போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உடனே பத்து ஸ்டில்ஸ் எடுங்கள். ராத்திரி அந்த ஃபைல்களை உங்கள் கணினியிலேயே எடிட் செய்ய உட்காருங்கள்.