நீளாத நூலில் நீளும் தொப்பி

வார இறுதியில் உறவுக்காரர்கள் வந்து போன ஒரு வீட்டிலிருந்து வாசகி ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். தனியாகச் சாப்பிட்டால் கொஞ்சத்தோடு எழுந்துவிடுகிறவள், சித்தி வீட்டார் வந்தால் மட்டும் ஏன் மூச்சு முட்டச் சாப்பிடுகிறேன் என்பது ஒன்று. சித்தி கையாலேயே பின்னிக் கொண்டுவந்த தொப்பி ஆறு வயசுப் பையனுக்கும் பொருந்துகிறது, தாத்தா தலைக்கும் பொருந்துகிறது, ஆனால் அதே நூலைத் தனியாக இழுத்தால் நீளவே மாட்டேன் என்கிறது, இது எப்படி என்பது இன்னொன்று.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஜான் டி காஸ்ட்ரோ என்ற உளவியலாளர் 1980களில் ஆட்களிடம் நோட்டைக் கொடுத்து, எப்போது, யாரோடு, எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எழுதி வாங்கிக் கணக்குப் பார்த்தார். பிறரோடு சேர்ந்து சாப்பிட்ட வேளைகளில் உணவின் அளவு ஏறக்குறைய 44 சதவீதம் கூடியிருந்தது. பேச்சு நீள நீள உட்கார்ந்திருக்கும் நேரமும் நீள்கிறது, கை சும்மா இருக்காது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரே சுவை சீக்கிரம் சலித்துவிடும், புதுச் சுவை முன்னால் வந்தால் பசி திரும்பவும் எட்டிப் பார்க்கும் என்று பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1981இல் சோதனை செய்து காட்டினார்கள். ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்து கொண்டுவந்தால் கேட்கவா வேண்டும். மறுநாள் வயிறு மந்தமாக இருந்தால் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், பாவம், வந்தவர்கள் அன்பாகப் பரிமாறினார்கள், அவ்வளவுதான்.

சரி, தொப்பிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பருத்தி நூலை இழுத்தால் பத்து சதவீதம் நீள்வதற்குள் பெரும்பாலும் அறுந்துவிடும். நெசவுத் துணியில் பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், கிட்டத்தட்ட நேராகவே ஓடுவதால், நூல் எவ்வளவு நீளுமோ அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் துணி நீளும். (கைக்குட்டையை மூலைக்கு மூலை இழுத்தால் நன்றாகவே நீளும், அங்கே சதுரக் கட்டங்கள் சாய்சதுரமாகச் சரிகின்றன, அது தனிக் கதை.) பின்னலில் நூல் எங்கேயுமே நேராக ஓடாது. நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், அதுவும் மெஷின் போட்ட பின்னல்தான். வெளிப்பக்கம் ஆங்கில ‘வி’ எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்றாக, பத்தி பத்தியாக நிற்கும். உள்பக்கம் திருப்பினால் சின்னச் சின்ன மேடுகள் குறுக்கு வரிசையாகத் தெரியும். இரண்டும் ஒரே கண்ணியின், அதாவது நூல் வளையத்தின், முன்பக்கமும் பின்பக்கமும்தான்.

ஒவ்வொரு கண்ணியும் கீழ் வரிசைக் கண்ணியின் ஓட்டை வழியாக இழுத்து மாட்டியது. அதை மேல் வரிசைக் கண்ணி பிடித்துக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் உண்மையான முடிச்சு என்று ஒன்றுகூடக் கிடையாது! கடைசி நுனியை விடுவித்து இழுத்தால் முழுத் தொப்பியும் ஒரே நூலாக அவிழ்ந்து வந்துவிடும், அப்படி வரும் நூலும் பழைய கண்ணிகளின் வளைவோடு நெளிநெளியாக இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு கண்ணியின் அகலம் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்துக்குள் வளைந்து கிடக்கும் நூல் சுமார் 15 மில்லிமீட்டர் இருக்கும். பக்கவாட்டில் இழுத்தால் கண்ணியின் வளைவு விரிந்து தட்டையாகிறது, செங்குத்தாக நிற்கும் இரண்டு கால்களிலிருந்தும் நூல் நழுவி அகலத்துக்கு வருகிறது. அதனால்தான் தொப்பியை அகலமாக இழுக்கும்போது அதன் உயரம் குறைகிறது, கண்ணாலேயே பார்க்கலாம். நூல் நீளவே வேண்டியதில்லை. பால்பாயிண்ட் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்: எஃகுக் கம்பி நீளாது, ஆனால் சுருட்டிவிட்டால் நீளும், ஏனென்றால் அங்கே கம்பி முறுக்கிக்கொள்கிறது. இங்கே நூல் வளைகிறது. இழுத்தால் சில இடங்களில், குறிப்பாகக் கண்ணிகள் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும் இடங்களில், வளைவு இன்னும் கூர்மையாகிறது, அப்படி வளைக்கச் செலவான ஆற்றல் நூலிலேயே தங்கி, கையை விட்டதும் துணியைப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறது.

தொப்பியின் விளிம்பு இன்னும் சுவாரசியம். எல்லாக் கண்ணிகளின் முன்பக்கமும் ஒரே பக்கம் தெரியும்படி பின்னிய துணி தட்டையாகக் கிடக்காது: மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகச் சுருளும், இடது வலது ஓரங்கள் பின்பக்கமாகச் சுருளும். கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால், வளைந்த நூல் நிமிரப் பார்க்கும் விசை துணியை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. உங்கள் சித்தி என்ன செய்திருப்பார் தெரியுமா? விளிம்பில் இரண்டு பத்தி முன்பக்கக் கண்ணி, இரண்டு பத்தி பின்பக்கக் கண்ணி என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பார். அடுத்தடுத்த பத்திகள் எதிரெதிர்த் திசையில் சுருளப் பார்ப்பதால் துணி தானாகவே மடிப்பு மடிப்பாகக் குறுகிவிடும். இழுத்தால் முதலில் மடிப்புகள் பிரியும், அப்புறம்தான் கண்ணிகள் விரியும். இரண்டு நீட்சியும் சேர்வதால்தான் பையன் தலையும் தாத்தா தலையும் ஒரே தொப்பிக்குள் அடங்குகின்றன.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மாட்சுமோட்டோ என்ற இயற்பியலாளரின் குழு, நான்கு வகைப் பின்னல்களை இழுத்துப் பார்த்தும் கணினியில் உருவாக்கிப் பார்த்தும், கண்ணிகளின் வரிசையை மாற்றினாலே துணியின் விறைப்பு எவ்வளவு மாறுகிறது என்று 2024இல் கட்டுரை வெளியிட்டது. இத்தனை தலைமுறைகளாக வீட்டுப் பெண்கள் விரல் நுனியில் வைத்திருந்த விஷயத்துக்குச் சமன்பாடு வர இவ்வளவு காலமா என்று எனக்குக் கொஞ்சம் ஆதங்கம்தான். இதே வேலையை உலோகக் கம்பியில் செய்திருந்தால் எப்போதோ ஒரு துறையே தொடங்கியிருப்பார்கள். கைவேலை என்றால் பொழுதுபோக்கு, அதற்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்களுக்கு மைக்கேல் டிபேக்கியைச் சொல்வேன். இதய அறுவை மருத்துவரான அவர், சின்ன வயதில் அம்மாவிடம் தையல் கற்றவர். 1950களில் டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணி வாங்கிவந்து வீட்டுத் தையல் மெஷினிலேயே செயற்கை ரத்தக்குழாய் தைத்தார். பிறகு தையலே இல்லாத குழாய் வேண்டும் என்று ஒரு ஜவுளிப் பொறியாளரோடு சேர்ந்து பின்னல் மெஷினையே உருவாக்க வைத்தார்.

கடைசியாக, வாசகி கேட்காத ஆனால் விரைவில் கேட்கப்போகிற ஒன்று: தொப்பி நாளடைவில் ஏன் தொளதொளத்துப் போகிறது? நூலும் நூலும் உரசும் இடங்களில் உராய்வு இருப்பதால், நழுவிய நூல் முழுசாகத் திரும்பி வருவதில்லை. தண்ணீரில் நனைத்து லேசாகப் பிழிந்தால் அந்தப் பிடி தளர்ந்து கண்ணிகள் பெருமளவுக்குப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் ஈரத்தோடு கொடியில் தொங்கவிடாதீர்கள், தண்ணீரின் கனமே கண்ணிகளைக் கீழ்நோக்கி இழுத்து தொப்பியை நீளமாக்கிவிடும். தட்டையான இடத்தில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் காயப்போடுங்கள்.