நகலெடுத்து வைத்த மதிப்பு தானாக மாறாது

சென்ற வாரமும் அதே பிழைதான் என் மேசைக்கு வந்தது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸைச் சுற்றி, பில் போடுவதற்காக எழுதப்பட்ட ஒரு பைத்தான் கிளாஸில், கர்சரின் (டேட்டாபேஸுக்குக் கட்டளை அனுப்பும் ஆப்ஜெக்ட்) லாஸ்ட்ரோஐடி (கடைசியாகச் சேர்த்த வரிசையின் எண்), ரோகவுண்ட் (கடைசிக் கட்டளை மாற்றிய வரிசைகளின் எண்ணிக்கை) இரண்டையும், ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தடிலேயே செல்ஃபில், அதாவது அந்த ஆப்ஜெக்டிலேயே, எடுத்து வைத்திருந்தார்கள். புதிய கர்சரில் முதலாவது 'நன்' (மதிப்பு இல்லை என்பதற்கான பைத்தான் குறி), இரண்டாவது -1. நிரல் முடியும்வரை கிளாஸ் அவற்றையே சொல்லிக்கொண்டிருந்தது. பில் சரியாகப் பதிவானாலும், அதில் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்குமான வரிகள் அனைத்திலும் பில் எண் இருக்க வேண்டிய இடத்தில் நல் (டேட்டாபேஸின் வெற்று மதிப்பு) கிடந்தது. அந்த எண் பில் டேபிளில் இருந்தாக வேண்டும் என்ற ஃபாரின் கீ விதி இருக்கிறதே என்றார் எழுதியவர். நாட் நல் என்று குறிப்பிடாதவரை, ஃபாரின் கீ நல்லைத் தடுக்காது.

"பைத்தானில் எல்லாமே ரெஃபரன்ஸ்தானே, கர்சரில் மாறினால் இங்கேயும் மாறாதா?" என்ற கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் சொல்வது! மாறாது. சமக்குறி, அந்த நொடியில் கிடைத்த ஆப்ஜெக்டுக்கு இன்னொரு பெயர் வைக்கிறது, அவ்வளவே. 40 வரிசைகளை அப்டேட் செய்த பின் கர்சர் அந்த -1ஐத் திருத்துவதில்லை. அதை விட்டுவிட்டு 40ஐப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் பெயர் பழைய -1இலேயே நிற்கிறது. இரு பெயர்கள் உள்ள ஒரு லிஸ்டில் அப்பெண்ட் செய்தால் (ஒன்றைச் சேர்த்தால்) இரு பெயர்களிலும் தெரிவதைப் பார்த்துப் பழகியதால் வரும் மயக்கம் இது. அங்கேயும் ஒரு பெயருக்குப் புதிய லிஸ்டைக் கொடுத்துவிட்டால் உறவு அறுந்துவிடும்.

இனிட்டில் உள்ள அந்த இரண்டு வரிகளையும் அழித்துவிட்டு, கேட்கும்போதெல்லாம் கர்சரிடமிருந்தே எடுத்துத் தரும் பிராப்பர்ட்டியை எழுதுங்கள். மதிப்பை மாற்ற விடும் செட்டர் வேண்டாம், பழைய வரி எங்காவது ஒளிந்திருந்தால் ஆட்ரிப்யூட்எர்ரர் உடனே காட்டிக்கொடுக்கும். கெட்ஆட்டர் மெத்தட் போட்டால் போதாதா என்பவர்களுக்கு: பெயர் வேறெங்கும் கிடைக்காதபோதுதான் அது அழைக்கப்படும், நகல் இருக்கும்வரை அதன் பக்கம் யாரும் போகமாட்டார்கள். கட்டளையை ஓட்டும் கர்சரின் எக்ஸிக்யூட் மெத்தடையும் செல்ஃபில் பிடித்து வைக்காதீர்கள். மறுபடி கனெக்ட் செய்த பிறகும் அது பழைய கர்சரோடுதான் பேசும்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிராப்பர்ட்டி வந்தபின் லாஸ்ட்ரோஐடி ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் மாறும் என்பதால், பொருள் வரிகளைச் சேர்க்கும் லூப்புக்குள் அதைக் கேட்டால், இரண்டாம் வரிக்கு முதல் வரியின் எண்ணே பில் எண்ணாகப் போய்ச் சேரும். பில்லைச் சேர்த்த கையோடு அதன் எண்ணை ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் வேண்டிய இடம் இதுதான்.