முதுகெலும்புக் காசநோய்: மருந்து வேலை செய்கிறதா என்று பெட்-சி.டி. சொல்லுமா?

நுரையீரல் காசநோயில் சளியைப் பரிசோதித்தே மருந்து கேட்கிறதா என்று பார்த்துவிடலாம். முதுகெலும்பில் அந்த வசதி இல்லை. வலி குறைவது நல்ல அறிகுறிதான். ஆனால் ஓய்வெடுத்து பெல்ட் போட்டாலே வலி குறையும். தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ.தான் முதன்மை. ஆனால் கிருமி அடங்கிய பிறகும் எலும்பு மஜ்ஜையின் நீர்க்கோப்பு பல மாதம் அதில் தெரியும். அதைப் பார்த்துத் தேவையில்லாமல் மருந்தை நீட்டுவதும் நடக்கிறது, வலி போனதும் பாதியில் விடுவதும் நடக்கிறது.

பெட்-சி.டி.யில் எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கச் சர்க்கரையை ரத்தக் குழாயில் ஊசியாகச் செலுத்துகிறோம். அழற்சியுள்ள இடத்தின் செல்கள் அதை அதிகம் உறிஞ்சும், படத்தில் அந்த இடம் ஒளிரும். எவ்வளவு உறிஞ்சியது என்பதைக் காட்டும் எண்தான் எஸ்.யூ.வி. சீழ்க்கட்டியில் ஓரம் மட்டும் ஒளிரும், நடுவே சீழ் இருண்டிருக்கும். மருந்து பலிக்கும்போது கட்டி சுருங்கும் முன்பே அந்த ஓரம் மங்கத் தொடங்கலாம். டெக்னீசியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேன் இதற்கு ஒத்துவராது. எலும்பு ஆறும்போதும் அது ஒளிரும்.

முதல் ஸ்கேனை மருந்து தொடங்கும் முன்போ, தொடங்கிய சில நாட்களுக்குள்ளோ எடுத்துவிட வேண்டும். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். ‘இத்தனைக்குக் கீழே வந்தால் குணம்’ என்று எல்லோரும் ஏற்ற எஸ்.யூ.வி. எல்லை கிடையாது. அவரவருடைய பழைய எண்ணோடுதான் ஒப்பிட முடியும். ஆறாவது மாதத்தில் முதன்முறையாக எடுத்த ஸ்கேனில் எஸ்.யூ.வி. 4 என்று வந்தால், அது 12-லிருந்து இறங்கியதா, 3-லிருந்து ஏறியதா?

ஒப்பீடு செல்லுபடியாக வேண்டுமானால் இரண்டு முறையும் ஒரே இயந்திரமாக இருப்பது நல்லது. ஊசிக்கும் படத்துக்கும் இடைவெளி முதல் முறை 60 நிமிடம் என்றால் அடுத்த முறையும் அதேதான். 90 ஆனால் நோய் மாறாமலே எண் ஏறிவிடும். 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் தேதியை மாற்றுவதே மேல். சர்க்கரையை அவசரமாக இறக்க இன்சுலின் போட்டுவிட்டு உடனே எஃப்.டி.ஜி. செலுத்தினால் அது தசைகளுக்குப் போய்விடும், புண் மங்கலாகத் தெரியும். கல்லீரலின் எஸ்.யூ.வி.யையும் அறிக்கையில் குறித்தால், இரு ஸ்கேன்களும் ஒரே தரத்தில் எடுக்கப்பட்டவையா என்று சரிபார்க்கலாம்.

ஒளிர்வதெல்லாம் காசநோய் அல்ல. புற்றுநோய், வேறு கிருமித் தொற்று, அறுவை சிகிச்சைக் காயம், அசைந்துகொண்டிருக்கும் எலும்பு எல்லாமே ஒளிரும். பெட் படத்தை சி.டி.யை வைத்துக் கணினி திருத்தும்; உலோகத் திருகு இருந்தால் அந்தத் திருத்தம் பொய்யாக ஒளியைக் கூட்டும். திருத்தாத படத்தையும் பார்த்தாக வேண்டும். கிருமி சாகும் கட்டத்தில் உடலின் எதிர்ப்பு கிளர்ந்து, முதல் சில மாதங்களில் புண் பெரிதானதுபோலத் தெரிவதும் உண்டு. ஆகவே ஒளி குறையவில்லை என்பதற்காக மட்டும் மருந்தை மாற்றக்கூடாது. அதிகம் ஒளிரும் இடத்திலிருந்து திசு எடுத்து, ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பினால்தான் மருந்தெதிர்ப்பு இருக்கிறதா என்பது தெரியும்.

கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கால் மரத்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் அடைத்தாலோ அடுத்த பெட் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.