பட்டினி போட்டால்தான் எலி பாடம் கற்குமா?

பினாங்கில் ஆய்வு விலங்குகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கும் என்னிடம் இறுதியாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்பது, அழுத்தினால் தீனி விழும் நெம்புகோலை எலி அழுத்த மறுக்கிறதே, தீனியை இன்னும் குறைக்கலாமா என்பதுதான். பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

வயிறார உண்ணும்போது இருக்கும் எடையில் 85 விழுக்காட்டுக்கு எலியை இறக்குவது நெடுநாள் வழக்கம். கொழுத்த முதிர்ந்த எலி அதைத் தாங்கும். வளரும் எலிக்கோ அந்த இலக்கை வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போகாவிட்டால், நாம் அளப்பது கற்றலை அல்ல, நலிவை.

பல வேளைகளில் சிக்கல் பசியில் இல்லை. எலியால் வாந்தி எடுக்க முடியாது. எனவே அறியாத உணவைச் சிறிதே சுவைத்துவிட்டு ஒதுங்குவது அதற்குத் தற்காப்பு. பரிசாகத் தரும் 45 மில்லிகிராம் சீனி வில்லையை முதன்முதலாகச் சோதனைப் பெட்டியில் பார்க்கும் எலி, மீசை துடிக்க முகர்ந்து, முன்னங்காலால் ஒருமுறை உருட்டிவிட்டு மூலைக்குப் போய்விடும். அதே வில்லையைச் சில நாள் முன்பே அதன் கூண்டில் போட்டுப் பழக்கினால் இந்தத் தயக்கம் பெரிதும் குறையும். சுண்டெலிகளுக்கு, நாம் தே தாரேக் தேநீரில் ஊற்றும் இனிப்பு டின் பாலையே நீர்விட்டுக் கலந்து சில துளிகள் தரலாம். வயிறு நிறைந்திருந்தாலும் பல சுண்டெலிகள் அதற்காக உழைக்கும்.

பரிசை இடையில் மாற்றுவோர் உளவியலாளர் கிரெஸ்பியின் 1942ஆம் ஆண்டு ஆய்வை நினைவில் கொள்ள வேண்டும். ஓடி முடித்ததும் 256 உணவுத் துணுக்குகள் பெற்றுவந்த எலிகளுக்கு அதை 16 ஆகக் குறைத்தபோது, தொடக்கம் முதலே 16 பெற்றவற்றைவிட அவை மெதுவாக ஓடின. முந்தைய பரிசும் கணக்கில் சேர்கிறது.

ஓடாத எலியைக் கற்காத எலி என்று அறிக்கையில் எழுதுவது இன்னொரு தவறு. உளவியலாளர்கள் டோல்மனும் ஹோன்சிக்கும் 1930இல் வெளியிட்ட ஆய்வில், பத்து நாள் பரிசின்றிப் புதிர்வழியில் திரிந்த எலிகள், பதினோராம் நாள் உணவு வைத்தவுடன், தொடக்கம் முதலே பரிசு பெற்றவற்றுக்கு ஒரே நாளில் ஈடுகொடுத்தன. பெர்லினில் 2019இல், உணவே இல்லாமல், கிச்சுக்கிச்சு மூட்டி விளையாடுவதையே பரிசாக்கி எலிகளுக்குக் கண்ணாமூச்சி கற்பித்திருக்கிறார்கள்.

தீனியைக் குறைக்க அனுமதி கேட்டு வருபவர்கள், எடைக் குறிப்பேட்டோடு, வில்லையை எத்தனை நாள் பழக்கினார்கள், இரவில் விழித்திருக்கும் இந்த விலங்கை எந்த நேரத்தில் சோதித்தார்கள் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.