ஒரே புகை, வேறு வேறு உடல்கள்: டி.என்.ஏ. பழுது நீக்கமும் நுரையீரல் புற்றுநோயும்

நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாவோரில் பெரும்பாலானவர்கள் புகைபிடித்தவர்கள் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. அதே அளவுக்கு உண்மையான மற்றொன்றும் உண்டு: பல பத்தாண்டுகள் புகைபிடித்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு அந்தப் புற்றுநோய் வருவதில்லை. அவர்கள் புகையின் கேட்டிலிருந்து தப்பிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளல்ல. மாரடைப்பும் பக்கவாதமும் நாட்பட்ட நுரையீரல் நோய்களும் அவர்களில் பலரை முன்னதாகவே கொண்டுபோய்விடுகின்றன. ஆயினும், ஏறத்தாழ ஒரே அளவு புகையை உள்வாங்கிய இருவரில் ஒருவருக்கு மட்டும் கட்டி உண்டாவது ஏன் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. தற்செயலுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. மீதியில் ஒரு பகுதிக்கான விடையை, பெற்றோரிடமிருந்து நாம் பெற்ற டி.என்.ஏ. பழுது நீக்கும் மரபணுக்களில் தேட வேண்டியிருக்கிறது.

சிகரெட் புகையில் உள்ள ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது பென்சோபைரீன். உள்ளே நுழையும் வடிவில் அது டி.என்.ஏ.வுடன் பிணைவதில்லை. நீரில் எளிதில் கரையாத அப்பொருளைக் கரையவைத்து வெளியேற்றுவதற்காக உடலின் நொதிகள் அதனுடன் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. அந்த முயற்சியின் இடையில் தோன்றும் ஒரு வடிவமே, டி.என்.ஏ.வின் எழுத்துகள் எனப்படும் நான்கு காரங்களுள் ஒன்றான குவானினுடன் இறுகப் பிணைந்துகொள்கிறது. பிணைந்த இடத்தில் இரட்டைச் சுருள் கோணிப் புடைக்கிறது. உயிரணு பிரிவதற்காக டி.என்.ஏ. நகலெடுக்கப்படும் வேளையிலும் அந்தப் புடைப்பு நீங்காமல் இருந்தால், குவானினுக்கு எதிரே சைட்டோசின் வரவேண்டிய இடத்தில் அடினின் வந்து அமர்ந்துவிடக்கூடும். அடுத்த நகலில் குவானின் இருந்த இடத்தைத் தைமின் பிடித்துக்கொள்ள, பிழை ஒரு பிறழ்வாக நிலைபெற்றுவிடுகிறது. கட்டிகள் உருவாகாமல் தடுக்கும் டிபி53 மரபணுவில் 157, 248, 273 என்ற எண்களுள்ள மூவெழுத்துக் குறியீடுகளில் இந்த வேதிப்பொருள் மிகுதியாக ஒட்டுவதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நுரையீரல் கட்டிகளில் அடிக்கடி பிறழ்ந்து காணப்படுபவையும் அதே இடங்கள்தாம்.

இத்தகைய புடைப்பை அகற்றும் முறைக்கு நியூக்ளியோடைடு வெட்டி நீக்கம் என்று பெயர். இதில் முதலில் வரும் எக்ஸ்பிசி எனும் புரதம், ஒட்டியிருக்கும் வேதிப்பொருள் எது என்று ஆராய்வதில்லை. சுருளின் வடிவம் குலைந்திருப்பதையே உணர்கிறது. சூரியனின் புறஊதாக் கதிர் விளைவிக்கும் சேதத்தையும் புகை விளைவிக்கும் சேதத்தையும் ஒரே ஏற்பாடு கவனிக்க முடிவது அதனால்தான். பின்னர் எக்ஸ்பிபி, எக்ஸ்பிடி என்ற இரு புரதங்கள் அங்கே இரட்டை இழைகளைப் பிரித்துத் திறக்கின்றன. எக்ஸ்பிடி ஓர் இழையின் மேல் நகர்ந்து செல்லும்போது தடைபட்டு நின்றால், அங்கே உண்மையிலேயே சேதம் உள்ளது என்பது உறுதியாகிறது. அதன்பின் சேதத்தின் இருபுறமும் இழை வெட்டப்பட்டு, ஏறத்தாழ 30 எழுத்துகள் நீளமுள்ள துண்டு அகற்றப்படுகிறது. எதிர் இழையைப் பார்த்து இடைவெளி நிரப்பப்படுகிறது. இந்தப் பணியை விளக்கிய அசிஸ் சன்ஜார், டி.என்.ஏ. பழுது நீக்கத்தின் வேறு வழிகளை ஆராய்ந்த தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச் ஆகியோருடன் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

புகையால் ஆக்சிஜனேற்றம் அடைந்த குவானினை ஓஜிஜி1 என்ற நொதி தனியாகக் கத்தரித்து எடுக்கிறது. இரண்டு இழைகளும் ஒருங்கே அறுந்த இடங்களை பிஆர்சிஏ2 உள்ளிட்ட புரதங்கள் இணைக்கின்றன. வழி எதுவாயினும் நகலெடுப்புத் தொடங்குவதற்குள் பழுது நீங்கியாக வேண்டும் என்பதால், புகை தொடர்ந்து உள்ளே வரும் நுரையீரலில் சற்றே மந்தமான பழுது நீக்கமும் காலப்போக்கில் கணக்கில் கூடிவிடுகிறது.

வெட்டி நீக்கத்துக்கான மரபணுக்கள் முற்றிலும் செயலிழந்தால் என்னவாகும் என்பது சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அரிய பரம்பரை நோயில் தெரிகிறது. வெட்டி நீக்கும் திறன் குறைந்திருப்பதே அதன் அடிப்படை என்று ஜேம்ஸ் கிளீவர் 1968இல் கண்டறிந்தார். அந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது. மற்றவர்களிடம் காணப்படுவன மிக மென்மையான வேறுபாடுகள். எக்ஸ்பிடி புரதத்தின் 751ஆம் இடத்தில் சிலருக்கு லைசின் என்ற அமினோ அமிலமும் சிலருக்கு குளூட்டமின் என்ற அமினோ அமிலமும் இருக்கின்றன. ஓஜிஜி1இன் 326ஆம் இடத்தில் செரினுக்குப் பதிலாக சிஸ்டீன் இருக்கலாம். 1990களிலிருந்து இவ்வாறான தனித்தனி மாறுபாடுகளை நுரையீரல் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தி ஏராளமான ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று கண்ட தொடர்பை அடுத்தது காணவில்லை. சில நூறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மிகச் சிறிய விளைவுகளைத் தேடியதே இதற்கு முக்கியக் காரணம் என்றும், அந்த முடிவுகள் அவசரமாக அறிவிக்கப்பட்டன என்றும் நான் கருதுகிறேன். மரபணுவைப் பாராமல் பழுது நீக்கும் திறனையே அளந்த ஆய்வுகள் இவற்றைவிட உறுதியானவை. பென்சோபைரீனால் வேண்டுமென்றே சேதப்படுத்திய டி.என்.ஏ. வளையத்தை இரத்த வெள்ளணுக்களுக்குள் செலுத்தி, அவை எவ்வளவு சரிசெய்கின்றன என்று பார்த்தபோது, நோயாளிகளின் அணுக்கள் சராசரியாகக் குறைவாகவே சரிசெய்தன. ஆனால் நோய் வந்தபின் எடுத்த இரத்தம் அது என்பதால், அந்தக் குறைவு நோயின் விளைவாகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிடக்கூடாது.

2008இல் மரபணுத்தொகுதி முழுவதையும் அலசிய பேராய்வுகள் வந்தபோது, மிக வலுவான தடயம் பழுது நீக்கும் மரபணுக்களில் கிடைக்கவில்லை. 15ஆம் குரோமோசோமில், நிகோட்டினை ஏற்கும் புரதங்களின் மரபணுக்கள் உள்ள பகுதியில் கிடைத்தது. பழுது நீக்கத்தின் பங்கு 2014இல் தெளிவுபட்டது. பிஆர்சிஏ2 புரதத்தை 3,326ஆம் இடத்திலேயே முடித்துவிடும் ஓர் அரிய மாறுபாடு, செதிளணு வகை நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

இரண்டு மடங்கு என்பதைத் தனியே வைத்துப் பார்க்கலாகாது. புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பை 15 முதல் 30 மடங்கு வரை உயர்த்துகிறது. புகைபிடிக்காதவரின் சிறிய அபாயம் இருமடங்கானாலும் சிறிதாகவே இருக்கும். புகைபிடிப்பவரிடம் ஏற்கெனவே பெரிதாக உள்ள அபாயம் மேலும் பெருகும். நாளொன்றுக்கு ஒரு பெட்டி வீதம் ஓராண்டு புகைத்தால் நுரையீரல் உயிரணு ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 பிறழ்வுகள் சேர்வதாக 2016இல் கணக்கிடப்பட்டது. நிலைபெற்றுவிட்ட அப்பிறழ்வுகளைச் சிறந்த பழுது நீக்கமும் திருத்த இயலாது, ஏனெனில் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டிய எதிர் இழையும் அதற்குள் மாறியிருக்கும். எனினும், புகையை விட்டவர்களின் மூச்சுக்குழாய்களில் பிறழ்வுகள் மிகக் குறைந்த உயிரணுக்கள், விடாதவர்களிடம் இருப்பதைவிட நான்கு மடங்கு வரை மிகுதியாக இருப்பதை 2020இல் வெளியான ஆய்வு கண்டது. அவை பழுது நீக்கப்பட்டவை அல்ல. புகையின் சேதத்துக்குப் பெரிதும் ஆளாகாமல் எஞ்சியிருந்த மூல அணுக்களிலிருந்து புதிதாகப் பெருகியவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.