உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி

தீமிதிக்குக் காப்புக் கட்டும் நாட்களில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் நாங்கள் பாதத்தைப் பற்றியே பேசுவோம். கொப்புளம், வெடிப்பு, காய்ப்பு. அதே பாதத்தில் மெல்ல மெல்ல அகலும் கறுப்புப் புள்ளியை யாரும் கண்டுகொள்வதில்லை. தோல் புற்றுநோய் வெயிலில் வரும் வெள்ளைக்காரர் வியாதி என்பது நம் நினைப்பு. முழுத் தப்பும் இல்லை. ஆனால் கறுத்த தோலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடமாகப் பார்த்து முளைக்கிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது, 1981-இல் இறந்துபோனார்.

உடம்பெங்கும் பரவிய மெலனோமாவுக்கு 'சோதனை மருந்து' என்றதும் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் அத்தை கேட்டார்: "நம்மை எலி ஆக்கப் பாக்குறாங்களா?" எலியின் முறை அதற்கு முன்பே முடிந்திருக்கும். அப்புறம் என்ன நடக்கும் என்பதற்கு வெமுராஃபெனிப் மாத்திரையின் கதை நல்ல உதாரணம்.

மெலனோமாக்களில் ஏறக்குறையப் பாதியில் பிராஃப் என்ற மரபணு மாறியிருக்கும். செல்லைப் பெருகச் சொல்லும் சுவிட்ச் அது, மாறிவிட்டால் அணையாது. அதை அணைக்கத்தான் இந்த மாத்திரை. மனிதர்களிடம் செய்யும் சோதனையின் முதல் கட்டத்தில் முக்கியமான கேள்வி, எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பது. தொடக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. மருந்து ரத்தத்தில் சரியாகச் சேரவில்லை, அவ்வளவுதான். மாத்திரையை வேறு விதமாகச் செய்து, அளவைப் படிப்படியாக ஏற்றினார்கள். 1,120 மில்லிகிராமில் தடிப்பும் மூட்டுவலியும் அசதியும் வாட்டின. ஒரு படி இறங்கி, 960 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை என்று முடிவானது. பிராஃப் மாறிய 32 பேருக்கு அந்த அளவில் கொடுத்ததில் 26 பேருக்குக் கட்டி சுருங்கியது.

சரி, எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டியதுதானே? கட்டி சுருங்குவது வேறு, ஆயுள் நீள்வது வேறு. தெம்பாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் எந்த மருந்தும் ஜெயித்துவிடும். அதனால் மூன்றாம் கட்டத்தில் 675 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் புது மாத்திரை, மறுபாதிக்குப் பழைய டகார்பசின் ஊசி. அத்தைக்குக் கோபம் வந்தது இங்கேதான். பழையது விழுந்தவர் கதி என்ன? அதற்காகத்தான் ஒரு தனிக் கண்காணிப்புக் குழு நடுவிலேயே கணக்கைப் பிரித்துப் பார்க்கிறது. ஆறாவது மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் புதியதில் 84 சதவீதம், பழையதில் 64. டகார்பசின்காரர்களையும் மாத்திரைக்கு மாற்றலாம் என்று குழு சொல்லிவிட்டது. 2011-இல் முடிவு வெளியானது.

குறையும் உண்டு. பலருக்குச் சில மாதங்களில் கட்டி வேறு வழி கண்டுபிடித்துத் திரும்பியது. சிலருக்கு மாத்திரையாலேயே இன்னொரு வகைத் தோல் புற்று முளைத்தது. நல்லவேளை, அறுத்தெடுத்துவிடக் கூடிய வகை. நோய் எதிர்ப்புச் செல்களைக் கட்டவிழ்த்துவிடும் இபிலிமுமாப், நிவோலுமாப் என்ற மருந்து ஜோடி இதைவிடத் தாக்குப்பிடித்தது. அதைப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்து வருடம் தாண்டியும் உயிரோடு இருந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இப்படியொரு சோதனை நடத்த சாப்ரா என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஒரு நெறிமுறைக் குழுவும் அனுமதிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். இதைச் சொன்னதும் அத்தை கொஞ்சம் தணிந்தார். அப்புறம் கேட்டார்: "அந்த 675 பேரில நம்மள மாதிரி எத்தனை பேரு?"

ஏறக்குறைய எல்லோருமே வெள்ளைத்தோல்காரர்கள். உள்ளங்கால் மெலனோமாவில் அந்த பிராஃப் மாற்றமும் குறைவாகவே இருக்கும். எதிர்ப்புச் செல் மருந்துகளும் அதில் அவ்வளவாக எடுபடுவதில்லை.