1964 ஒக்டோபர் 30: மலையகத்துக்கு பிரஜாவுரிமை குடுத்த சட்டம் யார் யாருக்கு

இலங்கை மலையகத்துல தேயிலைத் தோட்டப் பக்கம் இன்னமும் சில வீடுகள்ல இந்தக் கேள்வி வருது. "எங்க தாத்தா இந்திய பாஸ்போர்ட் எடுத்தாரு, ஆனா கப்பல் ஏறவே இல்ல, அப்ப நாங்க எந்த நாட்டு ஆளுங்க?" பெரும்பாலும் இலங்கைப் பிரஜைதான், அதுக்குன்னே 2003ல ஒரு சட்டம் வந்துச்சு. பேரு கொஞ்சம் நீளம், இந்திய வம்சாவளி ஆட்களுக்கு பிரஜாவுரிமை வழங்கும் சட்டம், 35ஆம் இலக்கம். பாராளுமன்றத்துல யாரும் எதிர்க்காம நிறைவேறுச்சு.

சட்டம் கேக்குறது ரெண்டே விஷயம். இந்திய வம்சாவளியா இருக்கணும், 1964 ஒக்டோபர் 30ல இருந்து இலங்கையில நிரந்தரமா இருந்திருக்கணும். இல்லன்னா அப்படி இருந்தவங்களோட பிள்ளை, பேரப்பிள்ளை வழியில வந்து இப்ப இலங்கையில இருக்கணும். முன்ன மாதிரி வருஷக்கணக்கா விண்ணப்பம் போட்டுட்டு காத்துக்கிடக்க வேண்டியதில்ல, ஒரு பிரகடனத்துல கையெழுத்து போட்டா சரி. எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாதவங்களுக்கு பொதுப் பிரகடனம், அதுல ஜே.பி. (சமாதான நீதவான்) கையெழுத்து வைப்பாரு. இந்திய பாஸ்போர்ட் எடுத்துட்டு போகாம நின்னவங்களுக்கு விசேஷ பிரகடனம், "எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமைதான் வேணும்"னு அவங்களே விரும்பி எழுதிக் குடுக்கிறது, இதுக்கு அரசாங்க அதிகாரி கையெழுத்து வேணும்.

அது ஏன் குறிப்பா 1964 ஒக்டோபர் 30ங்கிறதுக்கு கொஞ்சம் பின்னால போகணும்.

1820கள்ல இருந்தே திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துல இருந்து ஆளுங்களை கங்காணிங்க கூட்டிக்கிட்டு வந்தாங்க. மொதல்ல கோப்பித் தோட்டத்துக்கு, கோப்பிக்கு நோய் விழுந்து தோட்டமெல்லாம் அழிஞ்ச பிறகு தேயிலைக்கு. கோப்பி சீசன் ஆளுங்க அறுவடை முடிஞ்சா ஊருக்கு திரும்பிருவாங்க, ஆனா தேயிலைக்கு வருஷம் முழுக்க கொழுந்து எடுக்கணும், அதனால பொம்பளைங்க, பிள்ளைங்கன்னு குடும்பமாவே வந்து லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, தங்கிட்டாங்க. என்னைக் கேட்டா மொத்தக் கதையோட திருப்பம் இதுதான். வந்துட்டுப் போற கூலிக் கூட்டம் இங்கயே பொறந்து இங்கயே சாகிற சனமா மாறிருச்சு, ஆனா சட்டம் மட்டும் அவங்களை வந்துட்டுப் போறவங்களாவே பாத்துச்சு.

1946 சனத்தொகைக் கணக்கெடுப்புல இந்தியத் தமிழர் கிட்டத்தட்ட 7 லட்சத்து 80 ஆயிரம், நாட்டுல 11.7 வீதம். சுதந்திரம் கிடைச்ச அதே வருஷம், 1948ல, பிரஜாவுரிமைச் சட்டம் வந்துச்சு, தகப்பன் இலங்கையில பொறந்தவர்னு காட்டணும், லயத்துல பொறந்த எத்தனை பேருகிட்ட அப்ப பிறப்புப் பத்திரம் இருந்திருக்கும் சொல்லுங்க. அடுத்த வருஷம் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம்னு ஒண்ணு வந்து, 1946 ஜனவரி 1க்கு முன்னாடி தொடர்ந்து 10 வருஷம், கல்யாணம் ஆனவங்கன்னா 7 வருஷம், இங்க இருந்ததை நிரூபிக்கச் சொன்னாங்க, 8 லட்சத்துக்கும் மேல ஆளுங்க விண்ணப்பம் போட்டு ஒன்றரை லட்சம் பேருக்குக்கூட கிடைக்கல. வோட்டும் போச்சு. அதுக்கப்புறம் 1977 வரைக்கும் மலையகத் தமிழர் ஒருத்தர்கூட வோட்டுல ஜெயிச்சு எம்.பி.யா பாராளுமன்றம் போகல, அந்த வருஷம்தான் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாவுல ஜெயிச்சாரு.

1964 ஒக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை நாடற்றவங்கன்னு வச்சுக்கிட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தை பிறகு பாப்போம்னு பிரிச்சாங்க. அந்த மிச்சத்தை 1974ல சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75 ஆயிரமா பங்கு போட்டாங்க. சம்பந்தப்பட்ட சனத்தை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கணக்குப்படி இந்தியாவுக்கு 6 லட்சம் பேர் போகணும், ஆனா இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிச்சது 5 லட்சத்து 6 ஆயிரம் பேர்தான், ஆக 94 ஆயிரம் பேர் எந்தப் பக்கமும் சேராம தொங்கிட்டு நின்னாங்க. 1986 சட்டம் அவங்களுக்காகத்தான் வந்துச்சு. 1988ல சத்தியக்கடதாசி குடுத்தா போதும்னு இன்னொரு சட்டம். அதுலயும் ஒரு ஓட்டை, ஏற்கனவே இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவங்களுக்கு அதுல இடமில்ல. இதுக்கு நடுவுல யுத்தத்தால 1984ல தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பலும் நின்னு போச்சு, அதனால பாஸ்போர்ட் கையில இருந்தும் போக முடியாம, நாளாக ஆக போற ஆசையும் இல்லாம, ஆயிரக்கணக்கான குடும்பம் இங்கயே இருந்துருச்சு. 2003 சட்டம் பிடிச்சது இவங்களையும்தான்.

சனத்தொகையில இதோட தாக்கம் பளிச்சுனு தெரியும். 1971ல 11 லட்சத்து 75 ஆயிரமா இருந்த இந்தியத் தமிழர் 1981ல 8 லட்சத்து 19 ஆயிரம், வீதக் கணக்குல 9.3ல இருந்து 5.5. பத்தே வருஷத்துல ஒரு சமூகம் இப்படி சுருங்கினதுக்கு முக்கிய காரணம் கப்பல் ஏத்தி விட்டது, அதோட தோட்டங்களை அரசு எடுத்த காலத்துல வந்த பஞ்சம், லயத்துல பட்டினி கிடந்ததுக்கு போறதே மேல்னு கிளம்பினவங்க நிறைய பேர். 2012ல 8 லட்சத்து 40 ஆயிரத்துக்கு கிட்ட, சுமார் 4 வீதம். இந்தக் கடைசி எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்காதீங்க, கணக்கெடுப்புல நிறைய பேர் "இலங்கைத் தமிழர்"னு பதிஞ்சிருக்காங்க, அதனால எவ்வளவு உண்மையிலயே குறைஞ்சது, எவ்வளவு பேர் மாத்திப் பதிஞ்சதுங்கிறது கலந்து கிடக்கு. போனவங்கள்ல ஒரு பங்கு நீலகிரியில கூடலூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கே வேலைக்குப் போனாங்க, தமிழ்நாடு அரசோட தேயிலை நிறுவனமான டான்டீ வளர்ந்ததே இவங்களை வச்சுத்தான்.

சரி, 2003க்கு வருவோம். சட்டம் வந்த கையோட அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பும் தொழிற்சங்கங்களும் சேந்து தோட்டம் தோட்டமா முகாம் போட்டு, பத்து நாள் அளவுல 1 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு பிரகடனம் முடிச்சுக் குடுத்தாங்க. அம்பத்தஞ்சு வருஷம் இழுத்த விஷயம் பத்து நாள்ல முடிஞ்சா, அப்ப இவ்வளவு நாள் முடியாம இருந்ததுக்கு காரணம் என்னன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

யுத்தத்துல தமிழ்நாட்டு முகாமுக்கு ஓடினவங்க "இலங்கையில தொடர்ந்து இருந்திருக்கணும்"ங்கிற வரியால வெளிய நின்னாங்க, அதை 2009 திருத்தம் சரி பண்ணுச்சு. இன்னொண்ணும் கவனிங்க, 2003லயே பொதுவான பிரஜாவுரிமைச் சட்டத்தையும் திருத்தி அம்மா இலங்கைப் பிரஜையா இருந்தாலும் பிள்ளைக்கு உரிமை வரும்னு ஆக்கிட்டாங்க, அதனால அப்பாவோட பழைய இந்திய பாஸ்போர்ட்டை காட்டி பிள்ளையை யாரும் தள்ள முடியாது.

நடைமுறையில சிக்கல் பிரஜாவுரிமையில இல்ல, பேப்பர்லதான். ஐசி (தேசிய அடையாள அட்டை) எடுக்க பிறப்புப் பத்திரம் வேணும், வீட்டுல பொறந்து பதியாம விட்டிருந்தா பிரதேச செயலகத்துல காலங்கடந்த பதிவுக்கு போடுங்க. ஐசி விண்ணப்பத்தை ஜி.எஸ். (கிராம சேவகர்) இல்லன்னா தோட்ட துரை உறுதிப்படுத்தணும். பெரியவங்களோட 1964க்கு முந்தின தோட்டப் பதிவு, பழைய செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு), பள்ளிக்கூடச் சான்றிதழ் எது இருந்தாலும் தூக்கிப் போடாம வைங்க, பிரகடனத்தோட ஒரிஜினலை யாருகிட்டயும் குடுக்காம போட்டோக் கொப்பி மட்டும் குடுங்க. ஐசி வந்ததும் வோட்டர் லிஸ்ட்ல பேரு இருக்கான்னு ஜி.எஸ்.கிட்ட பாருங்க, அது தானா ஏறாது.